வட சென்னைச் சுவர்களைப் படிப்பது எப்படி? அரசியல் சுவரெழுத்துக்கு ஓர் எளிய அறிமுகம்

பொது இடத்தில், போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படும்படி, அதிகாரத்தைப் பற்றி யாரோ எழுதிவிட்டுப் போவதைத்தான் இங்கே அரசியல் சுவரெழுத்து என்கிறேன். பெயின்டால் எழுதியது, பசை தடவி ஒட்டிய போஸ்டர், தகட்டில் எழுத்தை வெட்டி அதன் மேல் சாயம் அடித்தது, மின்சாரப் பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கர், ரயில் பெட்டிக்குள் சாவியால் கீறியது, வாசலில் போட்ட கோலம் எல்லாமே இதில் சேரும். அனுமதி வாங்காமல், பெயர் சொல்லாமல், ஒளிந்து எழுதுவது மட்டும்தான் கிராஃபிட்டி என்று பிரித்துச் சொல்பவர்கள் உண்டு. பேசின் பிரிட்ஜில் இறங்கி வியாசர்பாடி பக்கம் நடந்தால் அந்தப் பிரிவு இங்கே செல்லாது என்று தெரிந்துவிடும். இங்கே அனுமதியும் கேட்க மாட்டார்கள், பெயரையும் மறைக்க மாட்டார்கள். போட்டவர் பெயர், அவருடைய வட்டம், பதவி, புகைப்படம் எல்லாம் இருக்கும்.

சட்டப்படி சிக்கல் வரக்கூடிய ஒரு வேலையைச் செய்துவிட்டு, அதில் முகத்தையும் ஏன் போட வேண்டும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் வட சென்னைச் சுவர்களில் பாதி விளங்கிவிடும். வாசகம் எதுவாக இருந்தாலும் அதற்கு அடியில் ஒரே செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது: இந்தத் தெருவில் நாங்கள் இருக்கிறோம். வாழ்த்து, கண்டனம், வாக்குக் கேட்பது எல்லாம் அப்புறம்தான். அதனால் ஒரு சுவரைப் பார்க்கும்போது என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிறுத்தக் கூடாது. சுவர் யாருடையது, எழுதியது யார், யார் பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இது நம் ஊருக்கு மட்டும் பிடித்த வியாதி என்று நினைப்பவர்கள் உண்டு. இத்தாலியில் வெசுவியஸ் எரிமலை பொ.ஆ. 79-ல் வெடித்தபோது பாம்பெய் என்ற நகரம் சாம்பலில் புதைந்தது. பின்னால் தோண்டியபோது தெருச் சுவர்களில் தேர்தல் வாசகங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. முதலில் வெள்ளை அடித்து, அதன் மேல் சிவப்பிலோ கறுப்பிலோ வேட்பாளர் பெயரைப் பெரிதாக எழுதி, இவரைத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்பது யார் என்றும் எழுதியிருக்கிறது. துணி வெளுப்பவர்கள், பழ வியாபாரிகள், பொற்கொல்லர்கள் என்று தொழில்வாரியாக ஆதரவு. எழுதித் தருவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், நிலா வெளிச்சத்தில் தனியாளாக எழுதியதாகத் தன் பெயரையும் போட்டு வைத்திருக்கிறார். மிண்ட் பக்கம் வியாபாரிகள் சங்கம் ஒட்டும் ஆதரவு போஸ்டரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் வியக்க ஒன்றும் இருக்காது.

வட சென்னையில் இது ஏன் இவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது? முதல் காரணம் நீளமான சுவர்கள். ரயில்வே பணிமனை, துறைமுகம், ஆலை, கிடங்கு, அனல்மின் நிலையம் என்று நகரத்தின் கனமான வேலைகளெல்லாம் இந்தப் பக்கம்தான் வந்து சேர்ந்தன. வேலையிடம் பெரிது என்றால் மதிலும் நீளம். ஷிப்ட் முடிந்ததும் அந்த மதிலை ஒட்டித்தான் கூட்டம் கூட்டமாக ஆட்கள் நடந்து போவார்கள். எழுதுகிறவருக்கு வேறு என்ன வேண்டும்?

இரண்டாவது காரணம் இந்தப் பகுதியின் வரலாறு. இந்தியாவின் தொடக்ககாலத் தொழிற்சங்கங்களில் முக்கியமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் பிறந்தது. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைச் சேர்த்து செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் அதைக் கட்டினார்கள். 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், மழைக்கு நடுவே, தி.மு.க. தொடங்கப்பட்டது. அந்தப் பூங்காவுக்கு இப்போது அண்ணா பெயர். கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவின் பெயர் வியாசர்பாடி ரயில் நிலையத்துக்கே இருக்கிறது. மேடை, படிப்பகம், வாயிற்கூட்டம் என்று பேச்சால் வளர்ந்த அரசியல் இது. படிப்பக வாசலில் கரும்பலகை வைத்து, அன்றைய சேதியையும் கண்டனத்தையும் சாக்பீஸால் எழுதும் பழக்கம் திராவிட இயக்கத்தாரிடமும் இடதுசாரிகளிடமும் வெகு காலம் இருந்தது. சுவர் அந்தப் பலகையின் தொடர்ச்சிதான்.

அந்தப் பக்கிங்ஹாம், கர்நாடிக் (பி அண்ட் சி) ஆலை 1996-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் தொழிற்சங்க எழுத்து மறையவில்லை. பெரம்பூரில் ரயில் பெட்டிகளுக்கான கேரேஜ், இன்ஜின்களுக்கான லோகோ பணிமனைகளைச் சுற்றி எஸ்.ஆர்.எம்.யு., டி.ஆர்.இ.யு. என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். அவை ரயில்வேயின் போட்டிச் சங்கங்கள். எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்று தொழிலாளர்களே ரகசிய வாக்குப் போடும் தேர்தல் 2007, 2013, 2024 ஆண்டுகளில் நடந்தது. அந்த மாதிரி நேரத்தில் அந்த மதில்களில் பழைய ஓய்வூதியம், காலிப்பணியிடம் என்றெல்லாம் ஒரு தனி விவாதமே நடக்கும். வெளியிலிருந்து வருகிறவருக்கு அந்தச் சுருக்கெழுத்து ஒன்றும் புரியாது. புரிய வேண்டியதில்லை. அது பணிமனைக்குள் இருப்பவருக்கு எழுதியது.

இனி எழுதும் முறை. பழைய முறையில் முதலில் சுண்ணாம்பு அடிப்பார்கள். அடித்த சுண்ணாம்பு காய்ந்ததும், சாயம் தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டி நேர்கோடு விழ வைப்பார்கள். எழுத்தின் ஓரத்தை முதலில் வரைந்து, பிறகு உள்ளே நிரப்பி, கடைசியில் ஒரு பக்கமாக நிழல் கொடுப்பார்கள். அந்த நிழல்தான் கைதேர்ந்தவரையும் புதியவரையும் பிரித்துக் காட்டும். நீலம், காவி என்று விலை குறைந்த சாயங்களில் தொடங்கி, ஸ்னோசெம் என்ற சிமெண்ட் பெயின்ட், எனாமல் என்று பிறகு மாறியது. படிக்கத் தெரியாதவர்களும் வாக்களிக்க வேண்டும் என்பதற்காக 1951-52 முதல் பொதுத்தேர்தலிலிருந்தே நமக்குச் சின்னங்கள் இருக்கின்றன. அதனால் உதயசூரியனும், இரட்டை இலையும், கதிர் அரிவாளும், அரிவாள் சுத்தியல் நட்சத்திரமும் வரையத் தெரியாமல் இந்தத் தொழிலில் இருக்க முடியாது. இன்றைக்கு அந்தக் கட்சிக்கு, நாளைக்கு எதிர்க்கட்சிக்கு என்று ஒரே ஓவியர் எழுதுவார். அவர் கொள்கை வேறு, கூலி வேறு. பெயருக்குப் பின்னால் ஆர்ட்ஸ் என்று சேர்த்து மூலையில் கையெழுத்துப் போட்டிருப்பதைப் பார்க்கலாம். இந்த ஓவியர்களின் பெயர்களை யாரும் பட்டியலிட்டு வைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஒரு நகரத்தின் எழுத்துருவையே உருவாக்கியவர்கள் அவர்கள்.

தேர்தலுக்கு வெகு நாள் முன்பே சுவர் பிடிக்கும் வேலை தொடங்கிவிடும். சுவரின் மூலைகளில் கட்சியின் எழுத்துகளைச் சிறிதாக எழுதி, பக்கத்தில் ஆண்டையும் போடுவார்கள். வேறு வாசகமே இருக்காது. இந்தச் சுவர் எடுத்தாயிற்று என்று அர்த்தம். அடுத்த கட்சிக்காரர் பெரும்பாலும் அதை மதிப்பார். மீறினால் தகராறு வரும். வீட்டுக்காரரைக் கேட்டார்களா என்றால், கேட்பதும் உண்டு, கேட்காததும் உண்டு. கேட்டாலும், ஏரியாவில் செல்வாக்கோடு இருப்பவரிடம் முடியாது என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? சுவரெழுத்தை மக்கள் குரல் என்று மட்டும் கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். காசு செலவழித்து வெள்ளை அடித்த மறுநாளே அதில் அடுத்தவர் முகம் வந்து நிற்பது ஒரு சின்னக் குடும்பத்துக்கு இழப்புதான். "இங்கே விளம்பரம் செய்யாதீர்" என்று அவர்கள் எழுதி வைப்பதும் ஒரு சுவரெழுத்துதான். அதுவும் இந்தச் சுவர் என்னுடையது என்கிறது.

அடுத்து போஸ்டர். பெயின்டைவிட இதுதான் இன்று அதிகம் கண்ணில் படும். இரவில் வாளியில் மைதாப் பசையோடு கிளம்புவார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் மேல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை 2021-ல் ஓடத் தொடங்கியது. அதைத் தாங்கும் தூண்கள் வரிசையாக நிற்பதால், ஒரே முகத்தைத் தூணுக்குத் தூண் காட்ட வசதியாகிவிட்டது.

ஒரு கட்சிப் போஸ்டரைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். அடியில் "இவண்" என்று இருக்கும். அதற்குப் பின்னால் வரும் பெயர்தான் பணம் கொடுத்தவர். அவர் வட்டச் செயலாளரா, பகுதிச் செயலாளரா, மாவட்ட நிர்வாகியா, இளைஞரணியா என்று பாருங்கள். பிறகு மேலே உள்ள முகங்களின் அளவையும் வரிசையையும் பாருங்கள். தலைவர் பெரிதாக இருப்பார், அது எல்லோருக்கும் பொது. அவருக்கு அடுத்து எந்த மாவட்டச் செயலாளர் இருக்கிறார், யார் முகம் விடுபட்டிருக்கிறது என்பதில்தான் உண்மையான சேதி இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்துப் போஸ்டரைத் தெருவில் போகிற வாக்காளருக்காக ஒட்டுகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். அந்த வழியாகக் காரில் போகப்போகிற ஒருவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஒட்டப்பட்டவை அதில் நிறைய. இந்த ஏரியாவில் ஆள் யார் என்று மேலிடத்துக்குக் கொடுக்கும் மனு அது.

தேதிகளும் முக்கியம். ஏப்ரல் 14-ம் டிசம்பர் 6-ம் அம்பேத்கருக்கு. மே 1 சிவப்பு. செப்டம்பர் 15 அண்ணா, 17 பெரியார். ஜனவரி 25 மொழிப்போர் தியாகிகள் நாள், அது வட சென்னைக்குச் சொந்த நாள் போன்றது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று 1939-ல் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் இங்கே மூலக்கொத்தளம் இடுகாட்டில்தான் அடக்கமாகியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் கட்சிகள் அங்கே மாலை போட வரும்போது சுற்றுப்புறச் சுவரெல்லாம் வீரவணக்கம் என்று மாறிவிடும். எந்தக் கட்சி அந்த இருவரையும் தன்னுடையவர்கள் என்று சொல்கிறது என்பதை அந்த வாரத்துச் சுவர்களே காட்டும்.

புளியந்தோப்பு, வியாசர்பாடித் தெருக்களில் நீலப் பின்னணியில் அம்பேத்கரும், சில இடங்களில் தலித் முன்னோடிகளான இரட்டைமலை சீனிவாசனும் அயோத்திதாசரும் இருப்பார்கள். இவற்றைத் தேர்தல் விளம்பரத்தோடு ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது பெரிய பிழை. இதில் வாக்கு கேட்கவில்லை, சின்னமும் பெரும்பாலும் இருக்காது. பாடப்புத்தகத்தில் தங்களுக்குக் கிடைக்காத இடத்தைத் தங்கள் தெருவின் சுவரில் எடுத்துக்கொண்டவர்களின் எழுத்து அது. அந்தப் படத்தின் மேல் இன்னொரு போஸ்டர் விழுந்தால் தெருவே கோபப்படுவதற்குக் காரணம் அதுதான்.

கட்சிப் பெயரே இல்லாமல் முடியும் எழுத்துகளையும் தேடிப் பாருங்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு சேர்ந்து எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. அதே மாதம் 26-ம் தேதி இரவு அங்கே ஓர் உர ஆலையின் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். மீனவ ஊர்கள் ஆலைக்கு எதிரில் பந்தல் போட்டு உட்கார்ந்தன. கொடுங்கையூரில் குப்பை எரி உலை வேண்டாம் என்று குடியிருப்பாளர்கள் 2025-ல் தெருவுக்கு வந்தார்கள். இந்த மாதிரிப் போராட்டங்களில் வைக்கும் பலகையிலும் துண்டறிக்கையிலும் இவண் என்ற இடத்தில் "ஊர்ப் பொதுமக்கள்" என்று வரும். என்னைப் பொறுத்தவரை இந்தப் பகுதியில் மிக வலுவான கையெழுத்து அதுதான். ஒரு நிர்வாகியும் அதில் முகம் காட்ட முடியாது.

எழுதுவது மட்டும் அல்ல, அழிப்பதும் இந்தக் கணக்கில் வரும். 1952-ல் ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் இந்தி எழுத்துகளை தி.மு.க.வினரும் பெரியாரின் தொண்டர்களும் தார் பூசி அழித்தார்கள். 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி ரயில் நிலையப் பலகையில் அதே தார் மறுபடி வந்தது. ஒரு வார்த்தைகூட எழுதாமல் ஒரு முழுக் கோரிக்கையைச் சொல்லிவிட முடிகிறது. சுவரொட்டியில் ஒருவருடைய முகத்தை மட்டும் கிழித்துவிட்டுப் போவதும், சாணி அடிப்பதும் இதே வகைதான். கிழிந்த போஸ்டரைக் குப்பை என்று தாண்டிப் போகாதீர்கள். எதைக் கிழித்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்று பாருங்கள்.

இவ்வளவு நேரம் சொன்னதில் பெண்கள் எங்கே என்று கேட்டால், நியாயமான கேள்வி. இரவில் வாளியோடு போய் ஒட்டுகிறவர்களும், சாரத்தில் ஏறி எழுதுகிறவர்களும், போஸ்டரில் முகம் காட்டுகிறவர்களும் பெரும்பாலும் ஆண்கள். பெண்களுக்குக் கிடைத்த சுவர் தரையில் இருந்தது. 2019 டிசம்பர் 29-ல் பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று கோலம் போட்டவர்களைப் போலீசார் பிடித்துப் போனார்கள். மறுநாளே தலைவர்கள் வீடு உட்படப் பல வாசல்களில் அதே வாசகத்தோடு கோலம் விழுந்தது. வாசல் பொது இடமா, வீட்டுக்குச் சொந்தமா என்று சட்டம் தடுமாறிய இடம் அது. 2020 பிப்ரவரியில் பழைய வண்ணாரப்பேட்டையில் அதே சட்டத்துக்கு எதிராக நாள்கணக்கில் உட்கார்ந்த கூட்டத்தில் முஸ்லிம் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். கையில் பிடித்த அட்டையில் அவர்களே எழுதினார்கள். யாரிடமும் சுவர் கேட்கவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே தனிச் சட்டம் வந்தது. தேர்தல் நடத்தை விதி, உரிமையாளர் அனுமதி இல்லாமல் யார் சுவரிலும் எழுதக் கூடாது என்கிறது. தேர்தல் தேதி அறிவித்ததும் அரசுக் கட்டடங்களில் இருப்பதை 24 மணி நேரத்துக்குள், பேருந்து நிலையம், பாலம் போன்ற பொதுச் சொத்துகளில் 48 மணி நேரத்துக்குள், தனியார் சுவர்களில் அனுமதியில்லாமல் இருப்பதை 72 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும். அச்சிட்ட தேர்தல் போஸ்டரில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இருக்க வேண்டும் என்பது 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போஸ்டரின் ஓரத்தில் எறும்பு போல ஊரும் அந்தப் பொடி எழுத்து அதற்காகத்தான்.

விதி இறுகியதும் எழுத்து நிற்கவில்லை, வேறு இடத்துக்கு மாறியது. 2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் பேனர் வந்து ஓவியர்களின் பிழைப்பைப் பறித்தது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண் உயிரிழந்த பிறகு அதன் மேல் நீதிமன்றத்தின் கண்டிப்பு கூடியது. சின்னம் எப்படிச் சுவரை விட்டு வெளியே வந்தது என்பதற்கு வட சென்னையின் ஆர்.கே. நகர் தொகுதியைவிட நல்ல பாடம் கிடையாது. 2017-ல் அங்கே இடைத்தேர்தல் வந்த நேரத்தில், அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்து இரட்டை இலை முடக்கப்பட்டதும் ஒரு அணிக்குத் தொப்பி, இன்னொரு அணிக்கு மின்கம்பம் கிடைத்தது. அந்த இடைத்தேர்தல் பணப் பட்டுவாடாப் புகாரால் ரத்தாகி, டிசம்பரில் மறுபடி நடந்தபோது தொப்பி அணிக்குக் குக்கர் வந்தது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் தொப்பியைத் தலையில் போட்டும் குக்கரைக் கையில் தூக்கியும் நடந்தார்கள். எழுதச் சுவர் இல்லை என்றால் ஆளே சுவர் ஆகிவிடுகிறார்.

கடைசியாக, அழகுபடுத்தும் திட்டங்கள். 2009-ல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகளில் போஸ்டருக்குத் தடை போட்டு, சுவர்களில் தமிழ்ப் பண்பாட்டு ஓவியங்களை வரைய வைத்தது. வேலையில்லாமல் இருந்த ஓவியர்களுக்கு அது சோறு போட்டது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மாட்டு வண்டியும் பொங்கல் பானையும் வரைந்த சுவரும் அரசியல் சுவர்தான். அதில் யாரைக் காட்டுவது, எதை மறைப்பது என்று யாரோ ஒருவர் முடிவு செய்கிறார், பெயரை மட்டும் போடுவதில்லை. வட சென்னையில் இப்படி ஒரு ஓவியத்தைப் பார்த்தால், அதற்கு முன் அங்கே என்ன எழுதியிருந்தது என்று பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். பத்தாண்டுக்கு முந்தைய வாசகத்தைக்கூட வரி பிசகாமல் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

நீங்களே தொடங்க வேண்டும் என்றால் ஒரே ஒரு சுவரைத் தேர்ந்தெடுங்கள். தினமும் கடக்கிற சுவராக இருந்தால் நல்லது. மாதம் ஒரு முறை ஒரே இடத்தில் நின்று, முழுச் சுவரும் தெரியும்படி படம் எடுத்து, தேதியையும் தெருப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். இவண் வரியைத் தனியாக அருகில் போய் எடுங்கள். ஒட்டியது கிழிந்திருந்தால் அடியில் தெரியும் பழைய அடுக்கையும் எடுங்கள். சின்னமும் நிறமும் போதும், அந்த வழியாகப் போகிறவர்கள் முகம் வேண்டாம். வீட்டுச் சுவராக இருந்தால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். எழுதியவர் கேட்டிருக்க மாட்டார், நீங்களாவது கேளுங்கள்.